காளையைக் கவ்விய நாய்
ஆங்கில நாட்டுப் புல்டாக்கின் வரலாறும் உடலமைப்பும் பேணும் முறையும்

இங்கிலாந்து நாட்டுக்கு அடையாளமாக விளங்குவன பல. அவற்றுள் ஒன்று ஒரு நாய். அகன்ற முகமும், மடிந்து தொங்கும் கன்னமும், முன்னே துருத்திய கீழ்த்தாடையும், குட்டையான கால்களும் கொண்ட 'புல்டாக்' என்பதே அது. விடாப்பிடிக்கும் அஞ்சாமைக்கும் அந்நாட்டார் இந்நாயை உவமை கூறினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தலைமை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலைக் கேலிச் சித்திரக்காரர்கள் புல்டாக்காகவே வரைந்து காட்டினர். ஆனால், சர்ச்சில் தம் வீட்டில் அன்போடு வளர்த்த நாயோ ரூபஸ் என்னும் பூடில். அடையாளம் ஒன்று, உண்மை வேறொன்று என்பதற்கு இச்சிறு செய்தி ஓர் எடுத்துக்காட்டு. புல்டாக்கின் வரலாறு முழுவதிலும் இந்த வேறுபாடு ஊடாடி நிற்கக் காணலாம்.

இந்நாயைப் பார்ப்போர், "இது காளையொடு பொருவதற்கென்றே அமைந்த உடல்" என்று கூறுதல் வழக்கம். காளையின் மூக்கைக் கவ்விக்கொண்டே மூச்சுவிடுவதற்காக மூக்குச் சப்பையாயிற்று என்பர். காளையின் குருதி கண்ணில் வீழாமல் வழிந்தோடுவதற்காக முகத்தில் சுருக்கங்கள் அமைந்தன என்பர். கேட்பதற்கு இக்காரணங்கள் பொருத்தமாகவே தோன்றும். அவை வரலாற்றுக்கும் பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது.

பெயர் வந்த வழி

'புல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் காளை என்பது பொருள். 'டாக்' என்றால் நாய். எனவே, காளைநாய் என்பதே பெயரின் பொருள். காளையைப் போன்ற நாய் என்று சிலர் பொருள் கொள்வது பொருந்தாது. காளைமேல் ஏவப்பட்ட நாய் என்பதே உண்மைப் பொருளாகும்.

ஜான் கையஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஆங்கில நாட்டு நாய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் எழுதிய நூல் 1570-இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1576-இல் அச்சாயிற்று. அந்நூல், காவலுக்கும் விலங்குப் போருக்கும் பயன்பட்ட 'மாஸ்டிப்' என்னும் பெருநாயைப் பேசுகிறது. பென் ஜான்சன் என்னும் நாடக ஆசிரியர் 1609-ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் புல்டாக் என்னும் பெயரை ஆண்டுள்ளார். 1630-களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டிலிருந்து இலண்டனுக்கு எழுதப்பெற்ற கடிதம் ஒன்று, மாஸ்டிப்பையும் புல்டாக்கையும் தனித்தனியே குறிப்பிட்டு வாங்கி அனுப்புமாறு கேட்கிறது. ஆகவே, 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் இவ்விரண்டும் வெவ்வேறு வகையாகப் பிரிந்துவிட்டன எனலாம்.

காளைமேல் நாயேவும் விளையாட்டு

இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் நிலவிய விளையாட்டு, கட்டிய காளைமேல் நாய்களை ஏவிப் பார்ப்பதாகும். இதற்கெனப் பல ஊர்களில் தனியிடம் இருந்தது. பர்மிங்காம் நகரின் நடுவே 'புல் ரிங்' என்னும் பெயருள்ள கடைத்தெரு இன்றும் இருக்கிறது. அப்பெயரில் அப்பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டுள்ளது.

இவ்விளையாட்டு நடந்த முறையை, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்த மிசோன் என்னும் பிரெஞ்சுக்காரர் விளக்கி எழுதியுள்ளார். காளையின் கொம்படியில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தரையில் அறைந்த முளையின் வளையத்தில் பிணைப்பர். கயிற்றின் நீளம் ஏறத்தாழ 15 அடி. எனவே, காளை 30 அடி குறுக்களவுள்ள வட்டத்துக்குள்ளேயே சுழலும். சூழ நிற்கும் இறைச்சிக் கடைக்காரர்கள் தத்தம் நாய்களைக் காதைப் பிடித்து நிறுத்தியிருப்பர். நாயை விட்டவுடன் அது வயிறு தரையில் படுமாறு தாழ்ந்து ஊர்ந்து காளையின் முகத்தை நாடும். காளை தலையைத் தாழ்த்தி, நாயின் வயிற்றுக்குக் கீழே கொம்பை நுழைத்து அதை மேலே எறியப் பார்க்கும். எறியப்பட்ட நாய் தரையில் வீழ்ந்து சாகாதவாறு உடையோர் முதுகைக் கொடுத்தோ, நீண்ட கழிகளைச் சாய்த்துப் பிடித்தோ தாங்குவர். நாய் காளையின் மூக்கைக் கவ்விவிட்டால் எளிதில் விடாது. மூக்கு, காளைக்கு மிகவும் நோவு தரும் உறுப்பு. அதனைக் கவ்வி அடக்குவதே நாயின் வெற்றி.

இதை மக்கள் வெறும் வேடிக்கையாக மட்டும் கருதவில்லை. இவ்வாறு அலைக்கழித்துக் கொன்ற காளையின் இறைச்சியே மென்மையானது, உடலுக்கு நல்லது என்னும் நம்பிக்கை இருந்தது. நாயை ஏவாமல் காளையை அறுத்து விற்ற இறைச்சிக் கடைக்காரருக்குச் சில ஊர்களில் தண்டம் விதித்தனர். கொடுமை வழக்கமாகி, வழக்கம் ஊர்ச் சட்டமாகி நின்ற காலம் அது.

சட்டம் வந்த வரலாறு

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் மனம் மாறத் தொடங்கியது. 1800-ஆம் ஆண்டில் சர் வில்லியம் புல்டெனி இவ்விளையாட்டைத் தடுக்கும் மசோதா ஒன்றைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தார். அதனை எதிர்த்தவருள் முதன்மையானவர் வில்லியம் விண்டாம். செல்வர் குதிரையேறி நரிவேட்டை ஆடுகின்றனர். அதைத் தடுப்பார் இல்லை. ஏழையின் பொழுதுபோக்கை மட்டும் பறிப்பது முறையோ என்பது அவர் வாதம். மசோதா இரண்டே வாக்குகளில் தோற்றது. 1802-இல் மீண்டும் ஒரு மசோதா வந்தது. வில்பர்போர்ஸ், ஷெரிடன் போன்றோர் துணை நின்றும் அதுவும் தோற்றது.

1822-இல் ரிச்சர்டு மார்ட்டின் முயற்சியால், கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஆனால், அச்சட்டத்தில் காளை என்னும் சொல் தனியே காணப்படவில்லை. எனவே, காளை அதில் அடங்காது என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. ஒரு சொல் விடுபட்டமையால் காளைகள் மேலும் 13 ஆண்டுகள் துன்புற்றன. 1824-இல் விலங்குகளுக்கு இழைக்கும் கொடுமையைத் தடுக்கும் சங்கம் இலண்டனில் தோன்றியது. 1835-இல் ஜோசப் பீஸ் கொண்டுவந்த சட்டம், காளை, கரடி ஆகியவற்றின்மேல் நாயேவுதலையும் நாய்ப்போர், சேவற்போர் ஆகியவற்றையும் ஒருங்கே தடை செய்தது. சட்டம் வந்தவுடன் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. ஸ்டாம்போர்டு என்னும் ஊரில் ஆண்டுதோறும் நவம்பர் 13-ஆம் நாள் தெருவில் காளையை விரட்டும் விழா 1839 வரை நடந்தது. படைவீரரையும் காவலரையும் வரவழைத்த செலவு ஊரார் தலையில் விழுந்த பின்னரே அது நின்றது.

தொழில் இழந்த நாய்

காளைக்கு விடுதலை கிடைத்தது. நாய்க்கோ தொழில் போயிற்று. மறைவில் நாய்ப்போர் நடத்தியோர் புல்டாக்கைச் சுறுசுறுப்பான 'டெரியர்' நாய்களொடு கலந்து வேறு வகைகளை உண்டாக்கினர். கலப்பற்ற புல்டாக் அருகி வந்தது. அதனைக் காத்தவர் சிலரே. இலண்டனில் பில் ஜார்ஜ் என்னும் நாய் வணிகர் அவருள் ஒருவர். போர்நாயாக இருந்ததை வீட்டு நாயாக விற்கத் தொடங்கினார் அவர். சிறிய வகைப் புல்டாக்குகளை நாட்டிங்காம் நகரத்துப் பின்னல்வேலைத் தொழிலாளர்கள் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குச் சென்றபோது உடன்கொண்டு சென்றனர். இன்று நாடெங்கும் காணப்படும் 'பிரெஞ்சு புல்டாக்' அவற்றின் வழித்தோன்றலாகும்.

புல்டாக்குக்கு மறுவாழ்வு அளித்தது கண்காட்சி மேடை. 1860-இல் பர்மிங்காமில் நடந்த நாய்க் கண்காட்சியில் இவ்வினத்துக்குத் தனிப் பிரிவு இருந்தது. 1860-களின் நடுவில் இவ்வினத்துக்குரிய இலக்கணம் ஒன்றை எழுதி வெளியிட்டனர். தலை இவ்வாறு இருத்தல் வேண்டும், தாடை இவ்வாறு இருத்தல் வேண்டும் என்று வகுத்த எழுத்து அது. 1873-இல் கென்னல் கழகமும், 1875-இல் புல்டாக் கழகமும் தோன்றின.

இலக்கியம் கண்டபின் இலக்கணம் வகுப்பது தமிழர் நன்கறிந்த முறை. புல்டாக்குக்கும் முதலில் அவ்வாறே நாயைக் கண்டு இலக்கணம் எழுதினர். பின்னர், எழுதிய இலக்கணத்துக்கு ஏற்ப நாயைத் திருத்தத் தொடங்கினர். முகம் குறுகியது நன்று என்றால் மேலும் குறுகியது மேலும் நன்று என்று கருதினர். பரிசும் அத்தகைய நாய்க்கே சென்றது. பரிசு பெற்ற நாயின் குட்டிகள் மிகுந்த விலைக்குப் போயின.

ஓவியம் கூறும் சான்று

முற்காலப் புல்டாக் எவ்வாறு இருந்தது என்பதை அறிய 1817-இல் வெளியான செதுக்கோவியம் ஒன்று உதவுகிறது. ஆபிரகாம் கூப்பர் தீட்டிய அவ்வோவியத்தில் கிரிப், ரோசா என்னும் இரு நாய்கள் காட்சி தருகின்றன. நாயேவும் விளையாட்டுச் சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலத்து நாய்கள் அவை. அவற்றின் கால்கள் இன்றைய புல்டாக்கின் கால்களைவிட நீண்டவை, உடல் இறுகியது, முகமும் இவ்வளவு நசுங்கியதன்று. பிற்காலத்து வளர்ப்போர் ரோசாவின் உடலமைப்பைப் பாராட்டினர். ஆயினும், முகச் சுருக்கமும் எலும்புப் பருமனும் போதாதவள் என்று குறையும் கூறினர்.

இக்குறையே நமக்குச் சிறந்த சான்று. குருதி வழிந்தோடுவதற்காகவே சுருக்கம் தோன்றியது என்றால், குருதி சிந்திய காலத்து நாய்க்கன்றோ அது மிகுதியாக இருந்திருக்க வேண்டும்? அகன்ற வாய், துருத்திய தாடை, தாழ்ந்த உடல் ஆகியவற்றின் தொடக்கம் பழைய தொழிலில் இருந்திருக்கலாம். ஆனால், அவற்றின் மிகை கண்காட்சியில் விளைந்ததாகும். இன்றைய புல்டாக்கைக் காளையின் முன் நிறுத்தினால், அது பொருவதற்கு முன்பே மூச்சிரைத்து வீழும்.

இது வெறும் ஊகமன்று. 1890-களில் இங்கிலாந்தில் இரு புல்டாக்குகளுக்கிடையே நடைப்போட்டி ஒன்று நடந்தது. தொலைவு 20 மைல். கிங் ஆரி என்பது பழைய அமைப்பை ஒட்டிய, இலேசான எலும்புள்ள நாய். டாக்லீப் என்பது புதிய நாகரிகத்துக்கேற்ற, குட்டையும் பருமனுமான நாய். கிங் ஆரி 20 மைலையும் நடந்து முடித்தது. டாக்லீப் இடையிலேயே சோர்ந்து வீழ்ந்தது. நடையில் வென்றது பழைய அமைப்பு. ஆயினும், அதற்குப் பின் வளர்ப்போர் விரும்பிச் சென்ற வழி டாக்லீப்பின் வழியே.

இன்றைய உடலமைப்பு

பிரிட்டிஷ் கென்னல் கழகத்தின் இலக்கணப்படி ஆண் நாயின் எடை 25 கிலோ. பெண் நாயின் எடை 23 கிலோ. தலை பெரியது. முகம் குறுகியது. கீழ்த்தாடை மேல்தாடைக்கு முன்னே நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். காதுகள் சிறியவை, பின்புறம் மடிந்து உள்ளே தெரியுமாறு இருக்கும். இதனை 'ரோஜாக் காது' என்பர். தோளும் மார்பும் அகன்றவை, இடை ஒடுங்கியது. மயிர் குறுகியது, மென்மையானது. செம்மை, வெண்மை, இளமஞ்சட் பழுப்பு, புலிவரி ஆகிய நிறங்கள் உண்டு. குணத்தில் இது முற்றிலும் மாறிய நாய். காளையைக் கவ்விய நாயின் வழிவந்தது இன்று குழந்தைகளொடு அமைதியாகப் பழகுகிறது. பிடிவாதம் மட்டும் குறையவில்லை என்பர்.

வெளியே அழகென்று கருதப்படும் உறுப்புகளின் உள்ளே துன்பம் இருக்கிறது. மண்டையெலும்பு குறுகியது, ஆனால், அதனுள் இருக்கும் தசை அவ்வளவுக்குக் குறுகவில்லை. எனவே, மென்னண்ணம் நீண்டு தொண்டையை மறைக்கிறது. மூக்குத் துளைகள் இடுங்கியுள்ளன. பலர் நகைத்துக் கேட்கும் குறட்டையொலி, காற்று வழியின்றித் திணறும் ஒலியேயாகும்.

2022-இல் இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வு, 2,662 புல்டாக்குகளைப் பிற நாய்களொடு ஒப்பிட்டது. தோல்மடிப்பு அழற்சி புல்டாக்குக்கு 38 மடங்கு மிகுதியாக நேர்கிறது. கண்ணின் மூன்றாம் இமைச் சுரப்பி வெளியே பிதுங்குதல் ஏறத்தாழ 27 மடங்கு. குறுமுக நாய்களுக்குரிய மூச்சுத்தடை நோய் 19 மடங்கு. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, பிரிட்டனில் நாய்களின் பொது ஆயுளை 11.23 ஆண்டு என்றும், புல்டாக்கின் ஆயுளை 7.39 ஆண்டு என்றும் கணித்தது. குட்டி ஈனுதலும் எளிதன்று. குட்டியின் தலை பெரிது. தாயின் இடுப்பெலும்பு வாயில் குறுகியது. 2010-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வின்படி, இவ்வினத்தின் ஈற்றுகளுள் நூற்றுக்கு 86 அறுவை மருத்துவத்தால் நிகழ்ந்தவை. மனிதர் கையிலுள்ள கத்தி இல்லையேல் இவ்வினத்தின் பெரும்பகுதி பிறக்கவே இயலாது என்பது எண்ணி வருந்தத்தக்கது.

பேணும் முறை

இந்நாயை வளர்ப்போர் முதலில் அஞ்ச வேண்டுவது வெப்பம். மனிதருக்கு உடலெங்கும் வியர்க்கிறது, நாய்க்கு அவ்வாறில்லை. நாக்கை நீட்டி இரைத்து, நாக்கிலும் மூக்குவழியிலும் உள்ள ஈரம் ஆவியாவதால் அது உடலைக் குளிர்விக்கிறது. புல்டாக்குக்கு அவ்வழியே குறுகியது. காற்றில் ஈரம் மிகுந்த மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் ஆவியாதலும் குறைவு. எனவே, இத்தகைய நாடுகளில் இதனை வளர்ப்போருக்குப் பொறுப்பு இருமடங்கு.

நடத்திச் செல்வது விடியற்காலையிலும் கதிரவன் மறைந்த பின்னருமே ஆகும். நடை குறுகியதாக இருத்தல் வேண்டும். கழுத்துப் பட்டை மூச்சுக்குழலை அழுத்துமாதலால், மார்பைச் சுற்றிக் கட்டும் வாரே ஏற்றது. நிறுத்திய காருக்குள் சிறிது நேரமும் விட்டுச் செல்லக்கூடாது. இரைப்பு அடங்காமை, எச்சில் மிகுதல், தள்ளாட்டம், நாக்கும் ஈறும் நீலம் பாய்தல் ஆகியவை இடர்க்குறிகள். அவற்றைக் கண்டவுடன் நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறியால் காற்று வீசச் செய்தல் வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகே மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் என்பதே இன்று அறிஞர் கூறும் முறை. வழியில் கழியும் நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும்.

அடுத்தது தோல். முகச் சுருக்கங்களை நாள்தோறும் ஈரத் துணியால் துடைத்தல் வேண்டும். துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒற்றி ஈரத்தைப் போக்குதல் அதனினும் இன்றியமையாதது. ஈரம் தங்கினால் தோல் வெந்து நாற்றமும் புண்ணும் உண்டாகும். சுருண்ட வாலுக்கு அடியிலும் இத்தகைய மடிப்பு உண்டு. பலர் மறந்துவிடும் இடம் அது. கண் சிவந்தாலும், கண்ணோரத்தில் சிவந்த சதை பிதுங்கினாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உணவை அளந்து கொடுக்க வேண்டும். உடல் பருத்தால் மூச்சுத் திணறலும் மூட்டு நோவும் கூடும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படுவதே நல்ல உடல். இந்நாய்க்கு நீச்சல் வாராது. கனத்த தலையும் குறுகிய காலும் அதை நீரில் ஆழ்த்திவிடும். ஆதலின், குளத்தருகே தனியே விடலாகாது. வாங்க விரும்புவோர் குட்டியின் அழகை மட்டும் பாராது, தாய் நாயைக் கண்டு அது ஓடியபின் எவ்வாறு மூச்சு விடுகிறது என்று செவிகொடுத்துக் கேட்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கழகமும் 2019-இல் தொடங்கிய சோதனை முறையும் இதுவே. நாயை மூன்று நிமிடம் ஓட்டி, அதற்கு முன்னும் பின்னும் மூச்சொலியைக் கேட்டுத் தரம் பிரிப்பர்.

திருத்தமும் வழக்கும்

2008-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வெளிவந்த படம் ஒன்று தூய இன நாய்களின் நோய்களை வெளிப்படுத்தியது. மக்களிடையே எழுந்த கொதிப்பின் பின், 2009-இல் புல்டாக்கின் இலக்கணத்தைக் கென்னல் கழகம் திருத்தியது. மூக்கின்மேல் உள்ள மடிப்பு கண்ணையோ மூக்கையோ மறைத்தல் ஆகாது என்னும் கருத்து அதில் இடம்பெற்றது. 2022 ஜனவரியில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகர நீதிமன்றம், இவ்வினத்தைப் பெருக்குவதே விலங்கு நலச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் மேல் நீதிமன்றம் புல்டாக்கைப் பொறுத்தவரை அத்தீர்ப்பை மாற்றியது.

உடலமைப்பைத் திருத்துதல் எளிதோ எனின், அன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் 102 புல்டாக்குகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இவ்வினத்துக்குள் வேறுபாடு மிகக் குறைந்துவிட்டது என்று கண்டனர். நீண்ட மூக்குடைய குட்டியைத் தேடிப் பெருக்கலாம் என்றால், இனத்துக்குள் அதற்குரிய வித்தே அருகிவிட்டது. ஆதலின், பிற இனங்களொடு கலத்தலே வழி என்போர் ஒருபுறம்; கலந்தால் அது புல்டாக் ஆகுமோ என்று மறுப்போர் மறுபுறம். கிரிப்பையும் ரோசாவையும் நினைப்போர்க்கு இவ்வினாவின் விடை கடினமன்று. இன்றைய உருவம் தொன்றுதொட்டு வந்ததன்று. மனிதர் விருப்பால் சில தலைமுறைக்குள் மாறிய உருவம் அது. மனிதர் விரும்பினால் மீண்டும் மாறவும் கூடும்.

1835-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் பெருமைகளுள் ஒன்று. முளையில் கட்டிய காளையின் துன்பம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஆதலின், 35 ஆண்டு வாதத்துக்குப் பின்னாயினும் அது நின்றது. அச்சட்டத்தால் போர்க்களத்திலிருந்து மீண்ட நாயின் துன்பமோ அதன் உடலுக்குள்ளேயே அமைந்துவிட்டது. அங்கே குருதி இல்லை, கூக்குரல் இல்லை. அன்போடு வளர்க்கும் வீட்டில், உறங்கும் நாயின் குறட்டையாக அது ஒலிக்கிறது. அவ்வொலியின் பொருளை உணர்ந்தவரே அந்நாயை உண்மையில் பேணுபவர் ஆவர்.